வலி நின்ற பல்

எங்கள் வீட்டில் பல்வலி என்றால் முதலில் கிராம்பு. அதற்கு அடங்காவிட்டால் உப்புப் போட்ட வெந்நீர். அதற்கும் அடங்காவிட்டால் மாரியம்மன். டாக்டர் அம்மனுக்கும் அடுத்துத்தான் வருவார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இன்றைக்கும் குளித்து விளக்கேற்றி அம்மன் படத்துக்குப் பூ வைக்காமல் நான் அடுப்பைப் பற்றவைப்பதில்லை. ஆனால் வலி நிற்பதைப் பற்றி எனக்கு இருந்த எண்ணம் மட்டும் மாறிப்போனது. வேர் சிகிச்சை என்று பல் டாக்டரிடம் போய், முதல் தடவையோடு நிறுத்தி வைத்திருப்பவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஒன்பதாவது வரை படித்தவள் நான். எனக்குத் தெரிந்த மாதிரிதான் எழுத வரும்.

என் வீட்டுக்காரருக்கு ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவார். போன வருஷம் மாசி மாதம், வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல் அவரைப் பிடித்துக்கொண்டது. முதலில் பச்சைத்தண்ணீர் பட்டால் சுள்ளென்றது. பிறகு டீ பட்டாலும். பிறகு ஒன்றும் படாமலே. தறிச் சத்தம் பல்லுக்குள்ளே புகுந்து அடிக்கிறது என்றார். சாப்பாட்டை ஒரு பக்கமாகவே ஒதுக்கி ஒதுக்கி மென்று, கடைசியில் ரசத்தில் கரைத்த சோறு மட்டும் குடித்தார்.

ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சாமி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தார். கன்னத்தைக் கையில் தாங்கியிருந்தார். கண்ணில் தண்ணீர் ஓடியது. "தாயே, இந்த வலியை நிறுத்திக் குடு. இந்தப் பங்குனிக்கு உனக்குப் பூக்குழி இறங்குறேன்" என்று வாய்விட்டுச் சொன்னார். பூக்குழி என்றால் தீமிதி. நானும் பின்னால் நின்று கும்பிட்டேன்.

மறுநாள் காலையில் நானே கூட்டிக்கொண்டு ராஜபாளையம் போனேன். கம்பெனியில் பாதிப் பேர் போகிற பல் டாக்டர் அங்கே இருக்கிறார் என்று அவரே சொன்னார். புறப்படும்போது என் நாத்தனார் வாசலில் வந்து நின்றார். வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா. புருஷன் போன பிறகு எங்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார்.

"ஏலே, பல்லு நரம்பைத் தொட்டா கண்ணு போயிரும்டா. கோயில் வாசல்ல பூ விக்கிறவளுக்கு அப்படித்தான் போச்சு."

"மதினி, அவளுக்குப் போனது சர்க்கரையில" என்றேன் நான்.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே ஏட்டி. போயிட்டு வாங்க."

டாக்டர் சின்ன வயசுப் பெண். தன் உதவிக்கு இருந்த பெண்ணிடம் தெலுங்கில் பேசினார், எங்களிடம் நம் பேச்சில் பேசினார். பல்லுக்குப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் காட்டினார். வெள்ளையாக இரண்டு வேர். ஒரு வேருக்கு அடியில், மழைக்கு ஒழுகிய சுவரில் கறை பிடிக்குமே, அதுபோல் ஒரு கருப்பு.

"இதுதான் ஐயா சீழ் கோக்குற இடம். சொத்தை நரம்பு வரைக்கும் போயிருச்சு. பல்லை எடுத்துறலாம், இல்லன்னா வேர் சிகிச்சை பண்ணிக் காப்பாத்தலாம். நல்ல பல்லு, காப்பாத்தலாம்னு எனக்குத் தோணுது."

"வலிக்குமாம்மா?" என்று கேட்டார் இவர். கேட்கும்போதே நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப வலிக்கிறதை விட ஒண்ணும் வலிக்காது. மரத்துப்போக ஊசி போட்டுத்தான் தொடுவேன்."

அப்படித்தான் இருந்தது. ஊசி குத்தியபோது மட்டும் கால் விரல்கள் மடங்கின. பிறகு டாக்டர் ரப்பர் துணி மாதிரி ஒன்றை வாயில் விரித்து, பல்லின் நடுவே துளை போட்டு, மெல்லிய கம்பிகளால் உள்ளே சுத்தம் செய்தார். இவர் குறட்டை விடாத குறைதான். இடையில் டாக்டர் கையில் எடுத்த பேண்டேஜ் துணியைப் பார்த்து, மரத்த உதட்டோடு, "எங்க துணி" என்று விரலால் காட்டினார். டாக்டர் சிரித்துவிட்டார்.

முடித்ததும் டாக்டர் என்னைப் பார்த்தும் இவரைப் பார்த்தும் சொன்னது எனக்கு இன்றும் வரி மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

"நரம்பை எடுத்துட்டு உள்ள மருந்து வச்சிருக்கேன். மேல தற்காலிகமாத்தான் அடைச்சிருக்கேன். இது நிக்கிற அடைப்பு இல்ல. அடுத்த வாரம் வாங்க, உள்ள மறுபடி சுத்தம் பண்ணி நிரந்தரமா அடைச்சு, பொறவு பல்லு மேல தொப்பி மாதிரி உறை போடணும். நாளைக்கே வலி போயிரும். வலி போச்சுன்னு வராம இருந்துறாதீங்க. வலிக்கிறதுக்கு அங்க நரம்பு இல்ல, அம்புட்டுதான். நோவு அங்கேயேதான் இருக்கும். அடைப்பு விழுந்துச்சுன்னா அன்னைக்கே வாங்க."

நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம்.

மறுநாள் காலையில் வலி இல்லை. சுத்தமாக இல்லை. இவர் பச்சைத்தண்ணீரை வாய் நிறைய வைத்துக் கொப்பளித்துப் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். அப்படியே போய் அம்மன் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்.

"நின்னுருச்சு ஏட்டி. கேட்டுட்டா தாயி."

டாக்டர் சொன்னது என் காதில் ஓடியது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்ன சொல்ல? நானும் ஒரு சூடம் ஏற்றினேன்.

அந்த வாரமே கோயிலில் கொடி ஏறியது. இவர் காப்புக் கட்டிக்கொண்டு வந்தார். மஞ்சள் நனைத்த நூலில் ஒரு விரலி மஞ்சள் கோத்து வலது மணிக்கட்டில் கட்டியிருந்தது. காப்புக் கட்டினால் ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, செருப்பு இல்லை, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் வீட்டில் அதோடு ஒன்று கூட உண்டு: காப்புக் கையோடு உடம்பில் கத்தி படக் கூடாது, ரத்தம் வரக் கூடாது. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டார். பூக்குழி என்றால் அங்கே யாரும் மறுப்பதில்லை.

டாக்டர் குறித்த நாள் வந்தது, போனது. டாக்டரின் உதவிக்கு இருந்த பெண் போன் செய்தாள். பிறகு டாக்டரே பேசினார். காப்புக் கட்டியிருப்பதைச் சொன்னேன்.

"எல்லை தாண்ட மாட்டாருன்னா அங்க ஸ்ரீவில்லிபுத்தூர்லயே ஒரு டாக்டரைக் காட்டி முடிச்சுக்கோங்கம்மா. என்ன பண்ணிருக்கேன்னு நான் பேசிச் சொல்லுதேன். பாதியில நிக்க வேண்டாம்."

இவரிடம் சொன்னேன். கூரையைப் பார்த்துப் படுத்திருந்தவர் எழவில்லை. "வாயில ரத்தம் வந்தா காப்பு என்னத்துக்கு ஆகும்? வலியே இல்லாத பல்லுக்கு என்ன அவசரம்? பூக்குழி இறங்கின மறுநாள் மொத பஸ்ஸுல போறேன்னு சொல்லு."

டாக்டரிடம் அப்படியே சொன்னேன். "கழுத்துப் பக்கம் வீக்கம் ஏதும் தெரிஞ்சா எந்த நேரம்னாலும் கூப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

பங்குனி வெயில் ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் நாத்தனார் கோயிலில் கொடுத்த பொரிகடலையைக் கொண்டுவந்து தந்தார். இவர் மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தி, வாயிலிருந்து வெள்ளையாக ஒரு துணுக்கை எடுத்தார். சுண்ணாம்புக் காரை மாதிரி இருந்தது. டாக்டர் வைத்த அடைப்பு. விழுந்தால் அன்றைக்கே வரச் சொன்னது.

"வலிக்குதா?" என்றேன்.

"வலியே இல்லைங்கிறேன்" என்று சிரித்தார். அந்தத் துணுக்கை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மிச்சக் கடலையை இடது பக்கம் மென்றார். ஜன்னலைத் துடைக்கும்போதெல்லாம் அதைப் பார்த்தேன். எடுத்து எறியக் கை வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காலையில் தாடைக்குக் கீழே லேசாக உப்பியிருந்தது. மத்தியானத்துக்குள் கன்னம் பளபளவென்று ஏறிவிட்டது. காய்ச்சல். நாத்தனார் வந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிமிஷம் பயம், பிறகு பக்தி வந்தது.

"ஏட்டி, இது பொன்னுக்கு வீங்கி. காப்புக் கட்டுன வீட்டுக்கு அம்மன் வந்துருக்கா. ஊசி மருந்து ஒண்ணும் ஆகாது. அவ வந்தா அவளாத்தான் எறங்கணும்."

எங்கள் பக்கம் இதைக் கேட்டால் யாரும் எதிர்க்க மாட்டார்கள். கன்னம் வீங்கிக் காய்ச்சல் அடித்தால் பொன்னுக்கு வீங்கி. அது அம்மை போலத்தான், அம்மன் வந்து தங்குகிற சீக்கு. நாத்தனார் வாசல் நிலையில் வேப்பிலை செருகினார். தாளிக்காதே, கடுகு வெடிக்கக் கூடாது என்றார். தன் கழுத்திலிருந்த தங்கச் செயினைக் கழற்றித் தம்பி கழுத்தில் போட்டார். தங்கம் பட்டால் அந்த வீக்கம் வடியும் என்று நம்பிக்கை. உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடமும் கொடுத்தார். சூடு பட்டதும் வலி தெரியாமல் இவர் கண்ணை மூடிக்கொண்டார். நானும் நம்பினேன். விளக்கேற்றி வைத்து, "தாயே, வந்தது நீயா இருந்தா குளிர்ந்து போ" என்று கேட்டேன்.

ஆனால் என் மகனுக்குச் சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தபோது நான்தான் மடியில் வைத்துப் பார்த்தேன். அவன் இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறான். அவனுக்கு வீக்கம் காதோரம் வந்தது. காது மடலைத் தூக்கிக்கொண்டு நின்றது. இவருக்குக் காதோரம் ஒன்றும் இல்லை. தாடை எலும்புக்குக் கீழே தொடங்கி, தொண்டையைப் பார்த்து இறங்கியது. தொட்டால் மெத்தென்று இல்லை. பலகை மாதிரி இருந்தது. வாயிலிருந்து ஒரு வாடை, தேங்கின சாக்கடையைக் கிளறினது போல. அதுவும் அந்தப் பல் பக்கம்.

மறுநாள் காலையில் பேச்சு மாறிவிட்டது. சுடுசோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிறவர் குரல். நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்து முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். எச்சில் வழிந்து துண்டில் இறங்கியது. வெளியே வேப்பிலை வெயிலில் சுருண்டு, காற்றில் நிலையை உரசிக்கொண்டே இருந்தது.

நாத்தனார் கோயிலிலிருந்து மஞ்சள் தீர்த்தம் வாங்கிவந்தார். நான் கரண்டியில் எடுத்து இவர் உதட்டில் சாய்த்தேன். உள்ளே போகவில்லை. தொண்டையில் ஏதோ களகளவென்று சத்தம் வந்தது, தீர்த்தம் அப்படியே கடைவாய் வழியாக வெளியே வந்தது. மறுபடி ஊற்றினேன். மறுபடி வெளியே வந்தது. மஞ்சள் தண்ணீர் கழுத்து வழியாக அந்தத் தங்கச் செயினில் இறங்கியது.

வந்தது அம்மன் என்றால் அவள் தீர்த்தத்தை அவளே வேண்டாம் என்று தள்ளுவாளா? இது அவள் இல்லை. இது வேறு.

கொல்லைப்புறம் போய், கழுத்தைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். போனைக் கீழே வைப்பதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

"எச்சில் முழுங்க முடியுதாம்மா?"

"இல்லம்மா."

"படுக்க முடியுதா?"

"உக்காந்தேதான் இருக்காவ."

"எங்கிட்ட வராதீங்க. எந்தப் பல் டாக்டர்ட்டயும் போகாதீங்க. இப்பவே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு உங்க ஊர் ஆஸ்பத்திரிக்கு, அங்கேருந்து மதுரை. அந்தப் பல்லுல இருந்த சீழ் நாக்குக்கு அடியில எறங்கி மூச்சுக்குழாயை நெருக்குது. ஒத்தடம் குடுக்காதீங்க, வாயில எதையும் ஊத்தாதீங்க, படுக்க வைக்காதீங்க. இது நாளைக்குப் பாக்குற விஷயம் இல்லம்மா."

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு உள்ளே வந்து விஷயத்தைச் சொன்னேன். நாத்தனார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"காப்புக் கட்டுனவனை எல்லை தாண்டிக் கொண்டுபோவியா? அவன் கழுத்துல கத்தி வைக்கச் சொல்லுவியா? பாதி வழியில என்னமும் ஆச்சுன்னா அம்மனுக்கு யாரு பதில் சொல்லுதது?"

"அவிய மூச்சைப் பாருங்க மதினி."

"எனக்குத் தெரியாதா? அவனைத் தூக்கி வளர்த்தவ நான்." சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. அவருக்கும் பயம்தான். பயத்துக்கு அவர் பிடித்துக்கொள்ள அந்த வேப்பிலையை விட்டால் வேறு இல்லை.

இவரால் பேச முடியவில்லை. வலது கையைத் தூக்கி மஞ்சள் காப்பைக் காட்டினார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். மாட்டேன் என்று. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே இழுத்தது. காப்பை அறுத்துக் கூட்டிப்போனால் இவர் வழியிலேயே மனசு விட்டுவிடுவார். அறுக்காமல் விட்டால் இந்தச் சுவரோரமே முடிந்துவிடும். ஆம்புலன்ஸ் சத்தம் தெருக்கோடியில் கேட்டது.

நான் அவர் கையைப் பிடித்துச் சாமி அலமாரியைப் பார்த்தபடி சொன்னேன். "தாயே, நேந்தது அவிய. எறங்கப்போறது நான். காப்பு உன்னை விட்டும் போகல, இந்த வீட்டை விட்டும் போகல. கைதான் மாறுது." முடிச்சு மஞ்சளில் இறுகியிருந்தது, அவிழவில்லை. ஆனால் விரதத்திலும் காய்ச்சலிலும் கை மெலிந்திருந்தது. அறுக்காமல், உருட்டி உருட்டி விரல் வழியாக இழுத்தேன். வந்துவிட்டது. என் கையில் ஏற்றிக்கொண்டேன்.

இவர் என் கையையே பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்தார்.

கையில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இனி எல்லை தாண்டக் கூடாதவள் நான். ஆம்புலன்ஸில் ஏறப்போன கால் அப்படியே நின்றது. நாத்தனார் என்னைப் பார்த்தார், என் மணிக்கட்டைப் பார்த்தார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பு இல்லாமலே, தம்பிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கதவு மூடும்போது மட்டும், "போனைக் கையில வச்சுக்க ஏட்டி. வாரேன்" என்றார்.

அன்றைய பகலை நான் என்ன செய்து கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. "கட்டுனது கட்டுனதுதான். மஞ்சத்தண்ணி ஊத்திட்டு வந்து எறங்கு" என்றார். வீட்டுக்கு வந்தேன். சுவரோரம் அவர் சாய்ந்த இடத்தில் எண்ணெய்த் தடம். ஜன்னலில் அந்த வெள்ளைத் துணுக்கு. போன் அடிக்கவில்லை. அடிக்காத போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடித்தால் என்ன சொல்லுமோ என்று அதுவும் பயம்.

வெயில் தாழ்ந்த பிறகு நாத்தனார் பேசினார்.

"ஏட்டி, நம்மூரு ஆஸ்பத்திரியில ஊசி போட்டு ஒடனே அனுப்பிட்டாவ. இங்க மூக்கு வழியாக் குழாய் விட்டு மூச்சு குடுத்து, தாடைக்குக் கீழ கீறி சீழ் எடுத்தாவளாம். அந்தப் பல்லையும் புடுங்கிப் போட்டாச்சு. இன்னும் கண்ணு முழிக்கல. ரெண்டு மூணு நாளு போகணும்ங்காவ, அதுக்கு முன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாவளாம்." நிறுத்தினார். பிறகு, "அந்த நர்ஸுப் புள்ள செயினைக் கழட்டி எங்கையில குடுத்து, இது எதுக்குன்னு கேக்குதா. பொன்னுக்கு வீங்கிக்குன்னேன். என்னைய ஒரு பார்வை பாத்தா பாரு!" என்றார். சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. நானும் அழுதேன்.

பூக்குழி அன்று இவர் குழாயோடுதான் இருந்தார். நெருப்பு என்று நாங்கள் சொல்வதில்லை, பூ என்றுதான் சொல்வோம். வரிசையில் நின்றபோது முன்னால் போனவர்கள் முதுகு அனலில் அலை அடித்தது. எனக்கு அந்தப் பூவைப் பற்றி ஒரு பயமும் வரவில்லை. மதுரையில் ஒருவர் மூச்சு உள்ளே போய் வெளியே வருகிறதா என்பதுதான் என் பயம். "இழு, விடு, இழு, விடு" என்று அவருக்குச் சொல்வது போல் சொல்லிக்கொண்டே இறங்கி ஏறினேன். உள்ளங்காலில் ஒரு கொப்புளம் வந்தது. காப்பு அவிழ்த்த உடனே பஸ் ஏறினேன்.

குழாய் எடுத்து, வீடு வந்து சேர்ந்தபோது பாதி ஆளாக இருந்தார். தாடைக்குக் கீழே கோணலாக ஒரு தழும்பு. குரல் பழைய குரல் இல்லை, கொஞ்சம் கரகரப்பு தங்கிவிட்டது. தெம்பு வந்த பிறகு ராஜபாளையம் டாக்டரைப் பார்க்கப் போனோம். அவர் எங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார்.

"அம்மன்கிட்ட நேந்துக்கிட்டதுல தப்பு இல்ல ஐயா. வேர் சிகிச்சைன்னா வீட்டுக்குள்ள இருந்த பாம்பை அடிக்கக் கதவைக் கழட்டி வச்ச மாதிரி. பாதியில விட்டா கதவு இல்லாத வீடு. வாயில இருக்குறது எல்லாம் உள்ள எறங்கும். உள்ள நரம்பு இல்லாததால உங்களுக்குச் சேதியே வராது. சேதி வரும்போது வீக்கமாத்தான் வரும்."

"மாத்திரை மட்டும் போட்டிருந்தா போதுமாம்மா?" என்று நான் கேட்டேன். பக்கத்து வீடுகளில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

"மாத்திரை அடக்கி வைக்கும். உள்ள இருக்குற அழுகலை எடுக்காம அது தீராது."

அடுத்து வந்த ஆடியில் எனக்கே ஒரு பல் வலித்தது. குறித்த நாளெல்லாம் தவறாமல் போய், படம் எடுத்து, நிரந்தரமாக அடைத்து, மேலே தொப்பியும் போட்டு முடித்தேன். நரம்பு எடுத்த பல் உலர்ந்த குச்சி மாதிரி, தொப்பி இல்லாவிட்டால் பிளந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். நாத்தனார் கூடவே வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, "கண்ணு தெரியுதா ஏட்டி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இப்போது மறுபடி மாசி. பங்குனிக்கு இவர் தானே இறங்கப்போவதாகச் சொல்கிறார், அந்த நேர்த்தி தன் பேரில் இன்னும் நிற்கிறது என்று. நேற்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். நாத்தனாரும் இருந்தார். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். சோற்றைப் பிசைந்தபடியே இவர் சொன்னார்:

"இடது பக்கம் ஒண்ணு குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. உங்களைப் பயமுறுத்த வேண்டாம்னு சொல்லல. இன்னைக்குக் காலையில இருந்து ஒண்ணுமே இல்ல. தானா நின்னுருச்சு."

சொல்லும்போது அவர் கை தானாகத் தாடைக்குக் கீழே போனது. தழும்பு இல்லாத பக்கத்துக்கு.

நான் கரண்டியை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன். திரும்பிப் பார்த்தால், நாத்தனார் இலையிலிருந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் வாசலில் நின்று, தெருவில் போன ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.